மண் சமப்படுத்தும் வேலை, பதினோரு இரவுகள்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
நிலத்தடி நீர்ச் சோதனை என்பேன்.
சமாவாவில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.
தண்ணீர் இங்கே எல்லோரும் நம்பும் கவலை.

பாதிதான் பொய். தோண்டுகிறோம்.
மூன்று முழ ஆழத்தில் மண் நிறம் மாறும்.
அங்கிருந்து தூரிகைதான்.

உடைகளை எண்ணுவது என் பங்கு.
மலையிலிருந்து ஏற்றும்போது
வேறு ஊரில் குடிவைக்கிறோம் என்று சொல்லியிருப்பார்கள்.
மூட்டைக்கு இடமில்லை என்றும் சொல்லியிருக்க வேண்டும்.
பெண்கள் இருந்ததையெல்லாம் மேலேயே உடுத்திக்கொண்டார்கள்,
பாலைவனத்துக்கு, ஏப்ரல் வெயிலுக்கு.
ஒருத்தியின் மேல் ஏழு.
கடைசியாக வந்தது கல்யாணத்துக்குத் தைத்தது,
சரிகை இன்னும் கறுக்கவில்லை.
படிவத்தில் 'ஆடை' என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
ஏழு என்று எழுதினேன்.

அவள் மடிப்பில் ஒரு தடுப்பூசி அட்டை.
அடுத்த தவணை: ஜூன்.

அக்கா மகன் கல்யாணத்தில்
ஆள் படுக்கும் அகலத் தாம்பாளம்,
சோற்றுக் குன்றின் மேல் முழு ஆடு.
இங்கே சோற்றுக்குள் நாங்கள் எதையும் மறைப்பதில்லை.

முந்திர் மச்சான் சட்டம் படித்தவர்.
கை கழுவிக்கொண்டே சொன்னார்:
அதெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிய கதை.
போர் என்றால் சாவு இருக்கும்.
எண்ணிக்கையைப் பார், ஆளுக்கொன்று சொல்கிறான்.
தொண்ணூற்றொன்றில் நம் பிள்ளைகளும்தான் போனார்கள்,
அதை எவன் பேசுகிறான்?

கடைசி வரி உண்மை.
அதுதான் எனக்குத் தொண்டையில் நின்றது.
ஓர் உண்மையை எடுத்து
இன்னோர் உண்மையின் வாயைப் பொத்தலாம்
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
எதிரே அப்பா
எலும்பிலிருந்து கறியைப் பிரித்துப் பிரித்து
என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.
பேசாமல் சாப்பிடு, என்றார்.

ஜனவரியில் கூரை ஒழுகியது.
தகரப் பெட்டியை நகர்த்தியபோது ஒரு நகராட்சிச் சீட்டு.
புல்டோசர் ஓட்டுநர்.
மண் சமப்படுத்தும் வேலை, பதினோரு இரவுகள்.
இரவுப்படி தனி. 1988.
கீழே ஃபாலிஹ் என்று கையெழுத்து,
கடைசி எழுத்துக்குப் பானை வயிறு,
என் பள்ளி அட்டைகளில் எல்லாம் இருக்கும் அதே வயிறு.

அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்குக் குளிர்பெட்டி வந்தது.
எனக்கு ஆறு வயது.
முகத்தை உள்ளே விட்டு நின்றது நினைவிருக்கிறது,
கதவை மூடு என்று அவர் அதட்டியதும்.

கேட்கவில்லை.
கூரைக்குத் தார் பூசியாயிற்று என்று மட்டும் சொன்னேன்.
தொலைக்காட்சியிலிருந்து திரும்பாமல் நல்லது என்றார்.

படிவத்தில் இன்னொரு கட்டம்: மண்ணின் நிலை.
இத்தனை நாளும் 'சமப்படுத்தப்பட்டது' என்று எழுதிவந்தேன்.
இப்போது 'சமப்படுத்தினார்' என்று எழுதிப் பார்க்கிறேன்.
தோன்றா எழுவாய்.
அடித்துவிட்டுப் பழையபடி எழுதுகிறேன்.

வசந்தத்தில் மலையிலிருந்து ஒரு பேருந்து வந்தது.
குலாலெ என்பவள் என் கூடாரத்துக்குள் வந்தாள்.
அவளுடைய அரபி சிறைக்கோட்டையில் கற்றது:
நில். உட்கார். வரிசை. வாயை மூடு.
அதை வைத்துக்கொண்டே கேட்டாள்.
என் அம்மா, உட்கார்? என் அம்மா, நில்?
எலும்பு கிடக்கும் விதத்தில் அது தெரியும்.
தெரியும் என்பதால் குனிந்துகொண்டேன்.
தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.

நீ இந்த ஊரா என்றாள். ஆமாம்.
அப்பா இருக்கிறாரா?
யாரும் கேட்பதுதான், மரியாதைக்கு.
நலமாக இருக்கிறார் என்றேன்.

ஆண்டவன் அவருக்கு நீண்ட ஆயுள் தரட்டும் என்றாள்.
அதை மட்டும்
ஒரு பிழையும் இல்லாத அரபியில்.